பம்புசெட்டும் தரை டிக்கெட்டும்

"உடம்பைப் புரிஞ்சவனை உடம்பு கவுக்காது. என்கிட்ட ஒழுங்காப் படிச்சவன் எவனும் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்ததா சரித்திரமே கிடையாது. அப்படி விழுந்தான்னா, அவனுக்குப் புரியலைன்னு அர்த்தம்."

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு வகுப்பு தொடங்கும் நாளில், கையருகே மைக் இருந்தும் அதைத் தள்ளி வைத்துவிட்டு, உடலியங்கியல் பேராசிரியர் ஆண்டுதோறும் முழங்கும் வாசகம் இது. இதைத் தற்பெருமை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரைப் பொறுத்தவரை இது சுத்தமான விஞ்ஞானம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதன் கட்டுமானம் புரியும். விழாதவர்கள் எல்லாரும் அவர் கட்சிக்குச் சாட்சி. விழுந்தவர்களோ புரியாதவர்கள், ஆகவே அவர்களும் அவர் கட்சிக்கே சாட்சி. இப்படி நான்கு பக்கமும் தாழ்ப்பாள் போட்ட ஒரு கொள்கையை எந்தத் திருடனாலும் திறக்க முடியாது.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பம்புசெட்டு. இதயம் அவருக்கு ஒரு பம்பு, ரத்த நாளங்கள் குழாய், சிறுநீரகம் வடிகட்டி, நுரையீரல் துருத்தி. மனித உடம்பில் குழாயாகவோ பம்பாகவோ இல்லாத உறுப்பு எதுவும் அவர் கண்ணுக்கு இதுவரை தட்டுப்படவில்லை. மூளையைப் பற்றிக் கேட்டால், அங்கேயும் தண்ணீர் ஓடுகிறது என்று சந்தோஷமாகச் சொல்லுவார். தன் பட்டப்பெயர் ஒருநாள் அவர் காதிலேயே விழுந்தது. பையன்கள் பாடத்தின் சாரத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று அன்று முழுக்க நல்ல குஷியில் இருந்தார்.

மாடியில் உயிர்வேதியியல் துறை. அதற்குத் தலைவி அவருடைய மனைவி. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சர்க்கரை. செல்லுக்குள் சர்க்கரை எப்படி எரிகிறது என்பதை மாதக்கணக்கில் நடத்தியது ஒரு காரணம். இன்னொரு காரணம், வகுப்புக்குத் தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது வேறு மாதிரிச் சிரிப்பார்கள்.

இருவருக்கும் கல்யாணம் ஆனதே ஒரு எல்லைத் தகராறில்தான். இருவரும் இளம் விரிவுரையாளர்களாக இருந்த காலத்தில், செரிமானம் யாருடைய பாடம் என்று பெரிய சண்டை. குடல் அசைவதால் அது தன்னுடையது என்றார் இவர். அசைந்து என்ன புண்ணியம், நொதி இல்லாவிட்டால் உள்ளே போனது அப்படியே கிடக்கும் என்றார் அவர். கடைசியில் அப்போதைய முதல்வர் நடுவே புகுந்து கோடு கிழித்தார்: வாயில் போட்டதிலிருந்து குடல் சுவர் வரை பம்புசெட்டு, சுவரைத் தாண்டினால் சர்க்கரை. அந்தக் கோட்டருகே அடிக்கடி சந்திக்க நேர்ந்து, பேச்சு வளர்ந்து, கல்யாணத்தில் முடிந்தது. தகராறு மட்டும் இன்னும் முடியவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் அதே ஒப்பந்தம்தான் அமலில் இருந்தது. விழுங்கும் வரை அவர் பேசுவார். விழுங்கிய பிறகு அம்மையார் பேசுவார். அம்மையார் பேச்சுதான் நீளம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த கல்லூரியில், புது முதல்வர் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். உடம்பு ஒன்றுதானே, அதை ஏன் மூன்று அறைகளில் பிய்த்துப் பிய்த்து நடத்த வேண்டும்? இனிமேல் உடலியங்கியல், உயிர்வேதியியல், உயிர்இயற்பியல் மூன்றும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், சேர்ந்தே நடக்கும் என்று அறிவித்துவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மாநாட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாவது ஆள் உயிர்இயற்பியல் விரிவுரையாளர். புதிதாகச் சேர்ந்தவர், தென்னை உயரம், குரல் மட்டும் தரைமட்டம். பட்டப்பெயர் வோல்ட்டு. அளக்க முடியாத எதையும் அவர் நம்புவதில்லை. யாராவது "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால், எந்த அலகில் கேட்கிறார்கள் என்று ஒரு நொடி யோசிப்பார்.

முதல் கூட்டு வகுப்பில் பாடம் இதயம். மூவர், ஒரு கரும்பலகை, ஒரே சாக்பீஸ். இதயம் ஏன் சுருங்குகிறது என்று பம்புசெட்டு ஆரம்பித்தார். சுருங்குவதற்குக் கால்சியம் வர வேண்டும் என்று சர்க்கரை சாக்பீஸை வாங்கினார். கால்சியம் வருவதற்குச் சவ்வின் மின்னழுத்தம் மாற வேண்டும் என்று வோல்ட்டு பணிவாகக் கையை நீட்டினார். மணி அடிக்கும் வரை அந்த இதயம் ஒரு தடவைகூட முழுசாகத் துடிக்கவில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், மாணவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்பதைப் பார்க்கும்போது யாருக்கும் தூக்கம் வருவதில்லை. மூன்று பக்கமும் கேட்டவன் மனதில் பாடம் தன்னாலே பதிந்தது.

சிக்கல் செய்முறை வகுப்பில்தான் வந்தது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை. விரல் நுனியில் ஊசியால் குத்தி, முட்டிக்கொண்டு வரும் சொட்டை நுண்குழாயில் உறிஞ்சி, அமிலத்தில் விட்டு, பழுப்பு நிறம் வந்ததும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, பக்கத்திலிருக்கும் மாதிரிக் கண்ணாடியின் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். இதற்குப் பம்புசெட்டு தன் கையால் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. அவரவர் ரத்தம், அவரவர் கை, அதுவும் நின்றபடி. டாக்டர் என்றால் நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. வகுப்பிலும் அப்படி, ஆண்டுப் பரீட்சையிலும் அப்படி. எடுக்காதவருக்குச் செய்முறைத் தேர்ச்சி இல்லை.

சட்டம் போட்டவர் மட்டும் அதற்கு வெளியே நின்றார். செய்து காட்டும் நாளில் குத்துப்படுவது உதவி விரிவுரையாளர் ஒருவருடைய விரலாக இருக்கும். இப்போது வோல்ட்டின் விரல். விளக்குகிறவன் கையில் சாக்பீஸ் இருக்க வேண்டும், பஞ்சு இருக்கக் கூடாது என்று காரணம் வைத்திருந்தார். அந்த ஏற்பாடு அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டதால், தன் உத்தியோக காலம் முழுவதும் தன் ரத்தத்தைத் தான் பார்த்ததே இல்லை என்பது அவருக்கே உறைக்கவில்லை. ஒரு தடவை அவருக்கே பரிசோதனைக்காக ரத்தம் எடுத்தபோது, சுவரில் தொங்கிய காலண்டரை அப்படி ஒரு ஆராய்ச்சி செய்தார். பக்கத்தில் நின்ற மனைவி அதைப் பார்த்தார். வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு மாணவிகளில் ஒரு பஸ் டிரைவரின் மகள் இருந்தாள். தடிக் கண்ணாடி, ஒல்லிப் பின்னல், மூன்று ஆசிரியர்களில் யார் கேள்வி கேட்டாலும் மற்ற இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் பிள்ளை. பம்புசெட்டுக்கு அவள் மேல் தனிப் பிரியம். வெளியே காட்டிக்கொள்ளாமல் மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் அவளை உதாரணம் காட்டி அவளுக்கு எதிரிகளைச் சேர்த்துக் கொடுத்தார். செய்முறை வகுப்பில் அவள்தான் முதலில் குத்திக்கொண்டாள். விரல் நுனியில் சிவப்பு மணி ஒன்று எழுந்தது. அதைப் பார்த்தாள். பிறகு புடவையை மடித்து வைப்பது போல ஒழுங்காக மடிந்து தரையில் சேர்ந்தாள்.

மூன்று துறைகளும் ஓடி வந்தன. வேகஸ் நரம்பு இதயத்தை அமுக்கிவிட்டது என்றார் பம்புசெட்டு. அந்த நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினைச் சொல்லாமல் விட்டால் எப்படி என்றார் சர்க்கரை. இதயத்துக்கும் தலைக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்கு ரத்தத் தூண் நிற்கிறது, அதைத் தூக்கி நிறுத்த அழுத்தம் போதவில்லை, அவ்வளவுதான் என்றார் வோல்ட்டு. மூவரும் சுவாரசியமாகிவிட்டார்கள். பாதியில் சர்க்கரைக்குத்தான், பேசப்படும் பொருள் இன்னும் தரையில் கிடக்கிறது என்று ஞாபகம் வந்தது. அவள் கால்களைத் தூக்கி ஒரு ஸ்டூல் மேல் வைத்தார். பெண் கண்ணைத் திறந்தாள்.

பம்புசெட்டு குனிந்து, வழக்கமான கறாரோடு, "இப்ப என்ன நடந்துச்சு, சொல்லு" என்றார்.

அவள் தரையில் படுத்தபடியே சொன்னாள். முதலில் பயத்தில் துடிப்பு ஏறியது, பிறகு வேகஸ் வேலை செய்து இறங்கியது, கால் தசைகளில் நாளங்கள் விரிந்து ரத்தம் அங்கே தேங்கியது, அழுத்தம் விழுந்தது, தூண் சாய்ந்தது, மூளைக்குச் சர்க்கரையும் ஆக்சிஜனும் குறைந்தன. ஒரு வார்த்தை பிசகவில்லை. மூன்று பேராலும் திருத்த முடியாத பதில் அந்தக் கூடத்தில் அதற்கு முன் வந்ததில்லை.

இது பம்புசெட்டின் கொள்கைக்கு ஒரு சின்ன தர்மசங்கடம். ஆனால் அவர் அசரவில்லை. "மனப்பாடம்," என்று வோல்ட்டின் காதில் சொன்னார். "உள்ள இறங்கல."

கடைசி பெஞ்சுக்காரர்கள் அன்று மாலைக்குள் அவளுக்குத் தரை டிக்கெட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வாரமும் அவள் தரைக்குப் போனாள். அதற்கடுத்த வாரமும். போகப் போக அவள் மேஜைத் தோழிகள் இதற்கென்று ஒரு முறையே வகுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணாடியைக் கழற்றுவாள், ஒருத்தி சோதனைக் குழாயை வாங்கிக்கொள்வாள், மூன்றாமவள் ஸ்டூலை ரெடியாக வைத்திருப்பாள். "டிக்கெட் கிழிச்சாச்சு சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் தகவல் சொல்லும். அவளும் எழுந்ததும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பரீட்சை நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்தது.

ஒருநாள் மாடி ஏறிச் சர்க்கரையிடம் போனாள். மருத்துவத்தை விட்டுவிட்டுக் கணக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"கணக்குல ரத்தம் வராது மேடம்."

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார் சர்க்கரை.

"அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அவர் பஸ் ஓட்டாத நேரமாப் பார்த்துச் சொல்லணும். அவருக்கும் தலை சுத்திடுச்சுன்னா பாவம், பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருப்பாங்க."

இந்த மூளையைக் கணக்குத் துறைக்குத் தானமாகக் கொடுக்க அம்மையாருக்கு மனம் வரவில்லை. போகிறதுதான் போகிறாய், போகும் முன் விழாமல் இருக்க வழி யோசித்தாயா என்று கேட்டார். யோசித்துத்தான் இருந்தாள். வோல்ட்டு சார் சொன்ன அந்த ரத்தத் தூண் படுத்துக்கொண்டால் இருக்காது. தலையும் இதயமும் ஒரே மட்டம். கால் தசைகளை இறுக்கி வைத்துக்கொண்டால் ரத்தம் அங்கே தேங்காது. ஆகவே படுத்துக்கொண்டு, காலை இறுக்கிக்கொண்டு குத்தினால் என்ன?

அடுத்த வகுப்பில் ஒரு நீள மேஜையைக் காலி செய்து அவளைப் படுக்க வைத்தார்கள். குத்தினாள். சிவப்பு மணி எழுந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவள் மணியைப் பார்த்தாள். படுத்தபடியே உறிஞ்சி, அமிலத்தில் விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, மெல்ல எழுந்து நிறம் ஒப்பிட்டு, அளவையும் சொன்னாள். கடைசி பெஞ்சு மேஜையைத் தட்டித் தீர்த்தது. வோல்ட்டு தன் வாழ்நாளில் முதல் முறையாக அலகு எதுவும் சேர்க்காமல் "பிரமாதம்" என்றார்.

பம்புசெட்டின் முகமும் மலர்ந்தது. மலர்ந்து பாதியில் நின்றது. இதை ஒப்புக்கொண்டால், புரிந்துகொண்டால் மட்டும் போதாது, படுக்கவும் வேண்டும் என்றாகிவிடும். தாழ்ப்பாளில் ஒன்று கழன்றுவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, முயற்சி நல்லது, ஆனால் பரீட்சையில் இது செல்லாது, நின்று எடுப்பதுதான் சட்டம் என்றார். பெண் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒப்பந்தம் மீறப்பட்டது. அவர் விழுங்கும் முன்பே அம்மையார் பேசினார்.

"உங்களை ஒண்ணு கேக்கறேன். உங்க ரத்தம் என்ன நிறம்?"

"இதென்ன கேள்வி. சிவப்பு."

"பார்த்திருக்கீங்களா?"

அவர் சாதத்தை இன்னொரு தடவை பிசைந்தார். "படிச்சிருக்கேன்," என்றார்.

சர்க்கரை தலையை ஆட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார். பிறகு காலண்டரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். பம்புசெட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாளைக்கே எல்லார் முன்னாலும் நின்றுகொண்டு எடுத்துக் காட்டுகிறேன், நான் எடுத்துவிட்டால் அவளும் நின்றுதான் எடுக்க வேண்டும், அப்புறம் யாரும் மேஜை, கட்டில் என்று பேசக் கூடாது என்றார்.

"எடுக்க முடியலைன்னா?"

"அந்தப் பேச்சுக்கே இடமில்ல. நான் யாரு?"

செய்தி அவர் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே கல்லூரிக்கு வந்திருந்தது. பக்கத்து வகுப்புக்காரர்கள்கூட ஜன்னல் ஓரம் இடம் பிடித்துவிட்டார்கள். தரை டிக்கெட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சார் நின்று எடுத்துவிட்டால் கணக்குத் துறைக்குப் போய்விடுவது என்று தோழிகளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் அவர் ஜெயிக்கட்டும் என்றே அவள் மனது அடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளையின் சுபாவம் அப்படி.

வோல்ட்டு அவருடைய இடது கை விரலில் துடிப்பு அளக்கும் கிளிப்பை மாட்டினார். கருவி பீப், பீப் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி அடித்தது. பம்புசெட்டு நிமிர்ந்து நின்று, வலது கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார். அருமையான பாடம். பயத்தில் முதலில் துடிப்பு ஏறும் என்றார். கருவி வேகமாக அடித்தது. இது சாதாரணமாக எல்லாருக்கும் நடப்பது, இதற்குமேல் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் நமக்கு விஷயம் தெரியும் என்றார். ஊசி பிடித்த கையாலேயே, கிளிப் மாட்டிய கையின் மோதிர விரலில் குத்தினார்.

மணி எழுந்தது. படித்திருந்தபடியே அது சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு தன்னுடையதாக இருக்கும் என்று எந்தப் பாடநூலிலும் போடவில்லை.

"புரியாதவனா இருந்தா," என்று அவர் தொடர்ந்தார், "இந்த இடத்துல வேகஸ் வேலை செய்யும். துடிப்பு குறையும்."

பீப். பீப்.

"குறையும்... வேர்க்கும்."

பீப்.

உதாரணத்துக்காகவே சார் குறைத்துக் காட்டுகிறார் என்று கடைசி பெஞ்சு வியந்தது. வோல்ட்டு எண்ணைப் பார்ப்பதில் மெய்மறந்திருந்தார். பம்புசெட்டு ஒரு கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியின் அர்த்தம் அந்தக் கூடத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்; அதே கொட்டாவியை அவள் எத்தனையோ தடவை விட்டிருக்கிறாள். முன்வரிசை பெஞ்சு சாய்ந்த சத்தம் கேட்டது. "சார், உக்காருங்க" என்று யாரோ சொல்வது அவருக்கு ஒரு நீளக் குழாயின் அந்தக் கோடியிலிருந்து வருவது போல இருந்தது. குழாய் என்றதும் அந்த நிலையிலும் அவருக்கு ஒரு திருப்தி. பிறகு, ஒரு சத்தமும் போடாமல், கையில் ஊசி, வாயில் பாடம், இரண்டையும் விடாமல் அவர் கீழே இறங்கினார்.

கண் திறந்தபோது மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் நின்று நடத்திய கூடத்தின் கூரையில் இவ்வளவு ஒட்டடை இருப்பதை அவர் இன்றுதான் பார்க்கிறார். அவருடைய கால்கள் ஒரு ஸ்டூல் மேல் மரியாதையாக வைக்கப்பட்டிருந்தன. சர்க்கரை பக்கத்தில் மண்டியிட்டு அவர் நெற்றி வியர்வையைப் புடவை முனையால் ஒற்றிக்கொண்டிருந்தார்; முகத்தில் ஜெயித்த களையே இல்லை, நல்ல பயம் இருந்தது. இன்னொரு பக்கம் தடிக் கண்ணாடி. அந்தப் பெண் அவருடைய விரலைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய வெள்ளைக் கோட்டின் கைப்பக்கம் அவர் ரத்தம் பட்டிருந்தது. அவளுக்கு விழ நேரம் இருக்கவில்லை.

அவர் விழித்துக்கொண்டது தெரிந்ததும், கேலி துளியும் இல்லாமல், அவர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கிலேயே கேட்டாள்.

"இப்ப என்ன நடந்துச்சு, சொல்லுங்க சார்."

"வேகஸ்," என்று ஆரம்பித்தார். அதற்கு அடுத்தது வரவில்லை. கால் தசையா, அழுத்தமா, எது முன்னால் என்று தேடினார். எல்லாம் அங்கேதான் இருந்தது. அடுக்கு மட்டும் கலைந்து கிடந்தது. புரியவில்லை என்று அவரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கூடம் முழுக்கக் காத்திருந்தது. கடைசி பெஞ்சுகூட டிக்கெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பரீட்சையில..." என்றார் மெல்ல, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. "பரீட்சையில படுத்துக்கிட்டே எடுக்கலாம்."

"எல்லாருமா சார்?" என்று வோல்ட்டு தலைக்கு மேலே வெகு உயரத்திலிருந்து கேட்டார்.

"வேணுங்கறவங்க எல்லாரும்."

சொல்லிவிட்டு, வகுப்பு முடியவில்லையே என்ற ஞாபகத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு சின்னக் கை தோளில் அமுக்கியது.

"உடனே எந்திரிக்கக் கூடாது சார்."

பம்புசெட்டு மறுபேச்சுப் பேசாமல் படுத்துக்கொண்டார்.